கெல்டிக் ஃபேன்டஸி இசை: எதை ஆள் வாசிக்க வேண்டும், எதைச் சாம்பிளுக்கு விடலாம்?

கேள்வி இது: "கணினியில் கான்டாக்ட் என்ற மென்பொருளும், அதில் ஓடும் கெல்டிக் லைப்ரரி ஒன்றும் (வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிந்த சாம்பிள்களின் தொகுப்பு) வைத்திருக்கிறேன். டி ஸ்கேல் டின் விசில் (சிறு உலோகக் குழல்) வாசிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. மூன்று நிமிட ஃபேன்டஸி இசை ஒன்று அமைக்க வேண்டும். என்ன செய்தாலும் கீபோர்டு டெமோ மாதிரியே ஒலிக்கிறது. எங்கே தவறு?"

தவறு பெரும்பாலும் வேலை செய்யும் வரிசையில் இருக்கிறது. ஸ்ட்ரிங்ஸ், கோரஸ், ஹார்ப், ட்ரம்ஸ் என்று முப்பது ட்ராக் சாம்பிள் நிரம்பி, எல்லாம் மென்பொருளின் தாளக் கட்டத்தில் (கிரிட்) அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் விசில்காரரைக் கூப்பிடுகிறோம். அப்போது அவர் மூச்சு விடவும் இடமில்லை, சுரத்தைக் கொஞ்சம் தாமதிக்கவும் இடமில்லை. வாசித்து முடித்தபின் அந்த விசில் சுவரில் ஒட்டிய சுவரொட்டி போலத் தனியே தெரியும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு ட்ரோன் (தம்புரா போல விடாமல் ஒலிக்கும் சுரம்), வழிகாட்டியாக எளிய ஹார்ப், மெட்டு. இந்த மூன்றோடு விசிலைப் பதிந்துவிட்டு, மீதியை அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு அதைச் சுற்றிக் கட்டுங்கள்.

அதற்கும் முன்னால் மெட்டு. விசிலால் எது முடியும், எது முடியாது என்பதிலிருந்தே அது பிறக்க வேண்டும். டி விசிலுக்கு ஆறு துளை. டி மேஜர் ஸ்கேல் இயல்பாக வரும். துளைகளைக் குறுக்காக மூடி சி நேச்சுரலும் எடுக்கலாம், அதனால் ஜி மேஜரும் கிடைக்கிறது. இந்த இரண்டிலிருந்தும் ஈ டோரியன், ஏ டோரியன், ஏ மிக்ஸோலிடியன், டி மிக்ஸோலிடியன், ஈ மைனர், பி மைனர் எல்லாம் கிளைக்கும். நம் காதுக்குச் சொல்வதென்றால் டோரியன் என்பது கரகரப்ரியாவின் சுரங்கள், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜியின் சுரங்கள். எஃப் நேச்சுரல், ஜி ஷார்ப், பி ஃப்ளாட் போன்றவற்றுக்குத் துளையைப் பாதி மூட வேண்டும். வேகத்தில் சுத்தமாக வராது. கீபோர்டில் சி மைனரில் மெட்டைப் போட்டுவிட்டு விசில்காரரிடம் நீட்டுவது இந்த வகை இசையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

ஆரம்பத்துக்கு ஈ டோரியனைப் பரிந்துரைப்பேன். ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப், டி. ஈ மைனர், டி மேஜர் என்ற இரண்டு கார்டுகள் மாறி மாறி வந்தாலே அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகளின் எலும்புக்கூடு வந்துவிடும். நான்காம் இடத்தில் வரும் ஏ மேஜர்தான் டோரியனின் வெளிச்சம். சாதாரண மைனரில் அது ஏ மைனராக இருக்கும். அந்த ஏ மேஜரை மெட்டின் இரண்டாம் பாதி வரை ஒளித்து வையுங்கள்.

அமைப்பைக் கணக்காகவே சொல்கிறேன். 6/8, புள்ளி வைத்த கால் சுரம் (மூன்று எட்டாம் சுர நீளம், பாரில் பாதி) நிமிடத்துக்கு 54 என்ற வேகத்தில் ஏர் எனப்படும் மெதுவான மெட்டு. பிறகு அதே மெட்டின் சாயலில் சரியாக இரட்டிப்பு வேகமான 108-இல் ஜிக் என்ற நடன மெட்டு. முன்னிசை 8 பார், 18 நொடி. ஏர் 32 பார், அதாவது ஏ பகுதி இரு முறை, பி பகுதி இரு முறை, ஒவ்வொன்றும் 8 பார்: 71 நொடி. ஜிக் அதே 32 பார், முழுதாக இரண்டு சுற்று: மறுபடி 71 நொடி. முடிவு மெதுவாக 8 பார், 18 நொடி. மொத்தம் 2 நிமிடம் 58 நொடி. நடனத்துக்கு ஜிக்கை இதைவிடச் சற்று வேகமாக வாசிப்பதுண்டு. ஃபேன்டஸி இசையில் பின்னணி கனமாக இருக்கும், 108-க்கு மேல் போனால் அலங்காரங்கள் ரிவெர்பில் (எதிரொலியில்) கரைந்துவிடும்.

ஏருக்கு லோ விசில், ஜிக்குக்குச் சாதாரண டி விசில் என்று பிரித்தால் நல்லது. லோ விசில் ஒரு ஆக்டேவ் கீழே, டி4-இல் தொடங்கும். மூடுபனி, பழங்காலக் கோட்டை என்றதும் நினைவுக்கு வரும் அந்தக் குரல் உண்மையில் மிகப் புதியது; இன்றைய வடிவத்து லோ விசிலை 1970களின் தொடக்கத்தில் பெர்னார்ட் ஓவர்டன், ஃபின்பார் ஃப்யூரிக்காகச் செய்தார். அயர்லாந்து இசைக்குள் பூசூக்கி என்ற கிரேக்க நரம்பு வாத்தியம் வந்ததும் 1960களில்தான். எனவே சாம்பிள் சேர்த்தால் பழமை கெட்டுவிடுமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

விசிலில் ஒலியளவும் சுரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கீழ் டி, ஈ மெல்லியவை. இரண்டாம் ஆக்டேவுக்கு ஊதும் வேகத்தைக் கூட்டியாக வேண்டும், அதனால் மேல் ஜி, ஏ, பி உரத்தே வரும். மேல் பி-யை மெல்லிய ஒலியில் வாசியுங்கள் என்று கேட்டால் சுரம் கீழ் ஆக்டேவுக்கு விழுந்துவிடும். இதை மெட்டெழுதும்போதே கணக்கில் கொள்ளுங்கள்: உச்சம் வேண்டிய இடத்தில் மெட்டு மேலே ஏறட்டும், அமைதி வேண்டிய இடத்தில் கீழே இறங்கட்டும். சாம்பிள் விசிலில் மாட் வீலை (கீபோர்டின் ஓரத்துச் சக்கரம்) ஏற்றி இறக்கி ஒரே சுரத்தை மெல்லியதிலிருந்து உரத்ததாக வளர்ப்பவர்கள் பலர். காது உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். ஒலியளவை அசைக்கும் சிசி 11 என்ற மிடி கட்டுப்பாட்டை மிகச் சிறிய அளவில் மட்டும் அசையுங்கள்.

மூச்சும் அப்படியே. ஜிக்கில் விசில்காரர் மூச்சுக்காக நேரத்தை நிறுத்துவதில்லை, ஒரு சுரத்தை விட்டுவிடுகிறார். எட்டாம் சுரம் ஒன்றை முழுங்கியோ, கால் சுரத்தைப் பாதியில் வெட்டியோ காற்றெடுப்பார். சாம்பிள் விசிலானால் இரண்டு முதல் நான்கு பாருக்கு ஒருமுறை ஒரு சுரத்தை நீங்களே அழித்துவிடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வேண்டாம். முதல் சுற்றில் மூன்றாம் பாரில் என்றால் அடுத்த சுற்றில் நான்காம் பாரில்.

இனி அலங்காரம். சாம்பிள் தோற்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 'கட்' என்பது ஒரு சுரத்தின் தொடக்கத்தில் மேல் விரல் ஒன்றைச் சட்டென்று தூக்கி வைப்பது. 'டாப்' (tap) என்பது கீழ்த் துளையைச் சட்டென்று தட்டுவது. இரண்டும் 30 மில்லிசெகண்ட் அளவுதான். தனிச் சுரமாகக் கேட்கக் கூடாது, எழுத்துகளுக்கு நடுவே வரும் மெய்யொலி போல ஒரு நறுக்கு மட்டும். பீட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள், பீட்டின் மேலேயே வரட்டும். இரண்டும் சேர்ந்தது 'ரோல்': சுரம், கட், சுரம், டாப், சுரம். 108 வேகத்தில் ஜிக்கின் ஒரு பீட் 555 மில்லிசெகண்ட், எட்டாம் சுரம் ஒவ்வொன்றும் 185. ஜி-யில் நீண்ட ரோல் போட்டால் ஜி 185, கட் 30, ஜி 155, டாப் 30, ஜி 155. கீழ் டி-யில் டாப் போடத் துளை மிச்சமில்லை. அங்கே வெவ்வேறு விரல்களால் அடுத்தடுத்து கட் போடுவார்கள், அதற்குப் பெயர் 'கிரான்'.

லைப்ரரியின் லெகாட்டோ முறையில் (சுரங்களை இடைவெளியின்றி இணைக்கும் முறை) இந்த 30 மில்லிசெகண்ட் சுரங்களைக் கீபோர்டில் அடித்தால் என்ன ஆகும்? ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் பதிவு செய்த மாற்றமே ஏறத்தாழ 100 மில்லிசெகண்ட் எடுக்கும். அலங்காரம் அதற்குள் விழுந்து காணாமல் போகும், அல்லது வழுக்கலாகிவிடும். வழி இரண்டு. கீஸ்விட்ச்சில் (வாசிப்பு முறையை மாற்றும் கீ) கட், ரோல் எல்லாம் பதிந்து தந்திருந்தால் 'கட்'-ஐ அப்படியே பயன்படுத்துங்கள். ரோலுக்குப் பதிந்த வேகம் ஒன்று உண்டு, அது உங்கள் 555-க்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட்: அளவை இரண்டு அரைச்சுரமாக வைத்து, ஒரே நீண்ட ஜி-க்குள் 30 மில்லிசெகண்டுக்கு முழுதாக மேலே குதித்துத் திரும்பினால் கட்; பாதி அளவு கீழே குதித்துத் திரும்பினால் எஃப் ஷார்ப்பைத் தொட்ட டாப். கோடு செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும், வளைந்தால் சைரன் போல ஒலிக்கும். கர்நாடக இசை கற்ற புல்லாங்குழல், வயலின் கலைஞர்களை அழைப்பவர்களுக்கு ஒரு சொல்: அவர்கள் விரல் தானாகவே கமகத்துக்குப் போகும். இந்த நறுக்கு கமகத்துக்கு நேர் எதிரான பழக்கம். முந்தைய நாளே மாதிரி கொடுத்து, நேரம் கொடுங்கள்.

ஆள் வாசிக்கும்போது அலங்காரத்தை எழுதித் தராதீர்கள். வெறும் மெட்டு, கீ சிக்னேச்சர், பார் எண் போதும். ஜிக்குக்கு க்ளிக் (காதில் கேட்கும் தாளத் தட்டு) புள்ளி வைத்த கால் சுரத்தில் மட்டும் அடிக்கட்டும். எட்டாம் சுரத்துக்கெல்லாம் க்ளிக் வைத்தால் ஜிக்கின் நொண்டல் நடை போய்விடும். அந்த நடையில் மூன்றில் முதல் சுரம் சற்று நீளும், இரண்டாவது குறுகும். சாம்பிளில் அதற்கு முதல் சுரத்தை 15 முதல் 20 மில்லிசெகண்ட் நீட்டி, இரண்டாவதை அதே அளவு குறையுங்கள். ஏருக்கு க்ளிக்கே வேண்டாம். ட்ரோன் மட்டும் காதில் ஓட, 54-ஐ மனதில் வைத்து அவர் போக்கில் வாசிக்கட்டும். பிறகு உங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பாரின் தொடக்கத்தையும் குறித்து டெம்போ மேப்பை (பாருக்குப் பார் வேகத்தின் வரைபடம்) அவர் வாசிப்புக்கு வளைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு பாரில் மட்டும் 54 க்ளிக் கேட்கத் தொடங்கினால் ஜிக்குக்குள் நுழைவது சீராக இருக்கும். முழுதாக மூன்று டேக், பிறகு பகுதி பகுதியாக எடுங்கள்.

பதிவு: மைக்கை விசிலின் வாய்ப்பக்கத் திறப்புக்கு நேரே வைத்தால் காற்றுச் சத்தம் அள்ளும். 40 செ.மீ. தள்ளி, சற்று மேலிருந்து, அந்தத் திறப்புக்கும் துளைகளுக்கும் நடுவே நோக்கி வையுங்கள். ரிப்பன் மைக் இருந்தால் விசிலின் கூர்மையை அது தணிக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அளவை மேல் பி-யை ஊதச் சொல்லி -12 டெசிபெலில் நிறுத்துங்கள். கீழ் சுரத்தை வைத்து அமைத்தால் உச்சத்தில் உடையும். மின்விசிறி, ஏசி இரண்டும் நிற்கட்டும். குளிர்ந்த விசில் சுருதி குறைந்து பேசும், பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே ஏ = 440 ஹெர்ட்ஸ் என்ற சுருதிக்கு ஒப்பிடுங்கள். விலை குறைந்த விசில்களில் தலை பசையால் ஒட்டியிருக்கும். வெந்நீரில் சற்று நனைத்தால் இளகி, நகர்த்திச் சுருதி சேர்க்கலாம். பிட்ச் திருத்தியை வேகமாக ஓட விடாதீர்கள், சறுக்கல்களெல்லாம் படிக்கட்டாகிவிடும். நீண்ட சுரங்களை மட்டும் கையால், பாதியளவு திருத்தினால் போதும்.

பைப்ஸ் (காற்றுப் பை வாத்தியம்) சேர்க்க நினைத்தால் எந்த பைப்ஸ் என்று முடிவு செய்யுங்கள். ஸ்காட்லாந்தின் பெரிய பைப்பில் ஒன்பது சுரம்தான், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடைவெளி விடவோ முடியாது, சுருதியும் பி ஃப்ளாட்டை ஒட்டியே நிற்கும். ஈ டோரியன் விசிலோடு அது சேராது. அயர்லாந்தின் பைப் வேறு. அதன் பெயரை (uilleann) 'இல்லின்' என்று உச்சரிப்பார்கள். கைக்கடியில் துருத்தி, இரண்டு ஆக்டேவ், டி சுருதி, முழங்காலில் ஊன்றிக் குழலை மூடினால் சுரங்களைத் துண்டிக்கவும் முடியும். அதன் மூன்று ட்ரோன்களும் டி-யிலேயே இருக்கும். உங்கள் மெட்டு ஈ-யில். சாம்பிள் என்பதால் ட்ரோனை ஈ-க்கு நகர்த்தத் தோன்றும், நகர்த்தாதீர்கள். டி மேல் ஈ உராய்ந்து, டி கார்டு வரும்போது தீர்வதுதான் அந்தக் கருவியின் குணம். ஈ ட்ரோன் வேண்டிய இடத்தில் செல்லோவிடம் கொடுங்கள். இன்னொன்று: டி ட்ரோன் மேல் நீளும் எஃப் ஷார்ப்பை 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), பி-யை 16 சென்ட் கீழே இறக்குங்கள். கீபோர்டின் சமப் பகுப்புச் சுருதியில் அவை ட்ரோனோடு அதிர்ந்து சிராய்க்கும். இறக்கியதும் அறை முழுவதும் அமைதியாவது போல இருக்கும்.

ஹார்ப்பைத் தயங்காமல் சாம்பிளுக்கு விடலாம், லீவர் ஹார்ப்பின் கட்டுப்பாடுகளை மதித்தால். பொதுவாக 34 நரம்பு, ஈ ஃப்ளாட் மேஜரில் சுருதி சேர்த்திருக்கும். ஒவ்வொரு நரம்புக்கும் அரைச்சுரம் உயர்த்தும் ஒரு லீவர். ஈ, ஏ, பி, எஃப், சி நரம்புகளின் லீவர்களை உயர்த்தினால் நமக்கு வேண்டிய சுரங்கள் கிடைக்கும். எனவே கிளிசாண்டோ (நரம்புகளை வரிசையாக வருடுவது) அந்த ஏழு சுரங்களில் மட்டுமே போக வேண்டும். சுண்டு விரலை ஹார்ப்பில் பயன்படுத்துவதில்லை, ஒரு கைக்கு நான்கு சுரத்துக்கு மேல் கார்டு எழுதாதீர்கள். மீட்டிய நரம்பு தானாக நிற்காது என்பதால் ஈ மைனரிலிருந்து டி-க்கு மாறும்போது கீழ் நரம்புகளை மட்டும் நிறுத்துங்கள். மேலே உள்ளவை கலந்து ஒலிக்கட்டும், அழகு அதில்தான்.

ஃபிடிலுக்கு ஆள் கிடைத்தால் விசிலுக்கு அடுத்த இடம் அதற்கு. ஈ டோரியனில் டி, ஏ, ஈ என்ற திறந்த நரம்புகள் மூன்றும் துணைக்கு ஒலிக்கும். வைப்ரேட்டோ (சுரத்தை நடுங்க வைப்பது) மிகக் குறைவு. ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகளின் தனி வயலின் பெரும்பாலும் நிறைய வைப்ரேட்டோவோடு பதிந்தது, அதை நாட்டுப்புற மெட்டுக்குப் போட்டால் திருமண வரவேற்பு இசையாகிவிடும். ஆள் கிடைக்கவில்லையென்றால் ஃபிடிலை முன்னால் கொண்டுவராதீர்கள். சாம்பிள் ஸ்ட்ரிங்ஸை வைப்ரேட்டோ இல்லாத நீண்ட சுரங்களாகப் பின்னால் மட்டும் வையுங்கள். கிடைத்தால் ஒரே வரியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மைக்கிலிருந்து வேறு தூரத்தில் நிறுத்திப் பதிந்து, சாம்பிள் ஸ்ட்ரிங்ஸை அதற்குக் கீழே 5 டெசிபெல் குறைத்துச் சேருங்கள். மூன்று முறை பதிந்த வில்லின் உராய்வு போதும், பின்னாலிருக்கும் இருபது சாம்பிள் வயலினும் உயிர் பெற்றுவிடும். சாம்பிள் ஸ்ட்ரிங்ஸ் சற்றுத் தாமதமாகவே எழும். ட்ராக்கை 100 மில்லிசெகண்டிலிருந்து தொடங்கி முன்னால் இழுத்துப் பார்த்துப் பொருத்துங்கள்.

அயர்லாந்தின் தோல் வாத்தியத்தை எழுத்தைப் (bodhrán) பார்த்து 'போத்ரன்' என்று படிக்காதீர்கள், 'பௌரான்'. ஒரு கை குச்சியால் அடிக்க, மறு கை உள்ளிருந்து தோலை அழுத்தி ஒலியை மாற்றும். ஜிக்குக்கு ஆறு அடிகளின் வெலாசிட்டி (அடியின் வலிமை) 105, 55, 70, 95, 50, 68 என்று தொடங்கிப் பாருங்கள். முழுக் குவான்டைஸ் (அடிகளைத் தாளக் கட்டத்தில் கச்சிதமாக ஒட்டுவது) வேண்டாம். பெரிய ஃபேன்டஸி ட்ரம்களை இதே நேரத்தில் எல்லா பீட்டிலும் அடித்தால் 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை சேறாகும். பெரிய ட்ரம் இரண்டு பாருக்கு ஒரு அடி போதும்.

'ஃபேன்டஸி' பகுதி வருவது ஹார்மனியில். ஈ மைனரிலிருந்து திடீரென சி மைனருக்குப் போனால் வேறு உலகக் கதவு திறந்தது போல இருக்கும், ஆனால் விசிலுக்கும் ஹார்ப்புக்கும் அந்தச் சுரங்கள் கிடையாது. இரண்டுக்கும் பொதுவான ஜி-யை விசில் நீட்டிப் பிடிக்கட்டும், ஹார்ப் மௌனமாகட்டும், ஸ்ட்ரிங்ஸும் கோரஸும் கீழே மாறட்டும். டி மேஜரிலிருந்து பி ஃப்ளாட்டுக்கு என்றால் பொதுச் சுரம் டி. ஜிக் தொடங்கும் முன் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. அதற்கு மேல் செய்தால் வித்தை தெரிந்துவிடும்.

கோரஸுக்குச் சொற்கள் வேண்டுமென்றால் கேலிக் போலத் தோன்றும் அசைகளை உருவாக்கிப் போடாதீர்கள். ஐரிஷ் மொழியும் ஸ்காட்டிஷ் கேலிக்கும் இன்று மக்கள் பேசும் மொழிகள், அவர்கள் கேட்பார்கள். நம் மொழியை யாராவது அப்படிப் போலியாக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? 'ஆ', 'ஊ' போதும்.

ரிவெர்ப் இரண்டு வையுங்கள். 0.7 நொடி அறை ஒன்று, எல்லா ட்ராக்கும் கொஞ்சம் கொஞ்சம் அதற்குள் போகட்டும். ஆள் வாசித்துப் பதிந்த கருவியும் சாம்பிளும் ஒரே இடத்தில் நிற்பது இதனால்தான். லைப்ரரியில் அருகு மைக் மட்டும் வையுங்கள், இல்லையென்றால் அது தன்னுடைய மண்டபத்தையும் கூடவே கொண்டுவரும். இரண்டாவது 3 நொடி மண்டபம், ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் தாமதம்) 50 மில்லிசெகண்ட், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டியது. ஜிக் வேகத்தில் அந்த 3 நொடிக்குள் பதினாறு எட்டாம் சுரங்கள் குவியும், ஆகவே ஜிக் தொடங்கும் இடத்தில் மண்டபத்துக்குப் போகும் அளவை 5 டெசிபெல் குறைத்து, முடிவில் திரும்ப ஏற்றுங்கள். சாதாரண டி விசிலின் மிகக் கீழ்ச் சுரம் 587 ஹெர்ட்ஸ். 350-க்குக் கீழே வெட்டினால் எதுவும் குறையாது. 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்தினால் டைனமிக் இ.க்யூவில் (சத்தம் மிஞ்சும்போது மட்டும் அந்த அலைவரிசையைத் தணிப்பது) 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள்.

கடைசிக் கார்டில் மூன்றாம் சுரமான ஜி-யை எல்லா ட்ராக்கிலிருந்தும் எடுத்துவிடுங்கள், ஈ-யும் பி-யும் மட்டும் நிற்கட்டும். லோ விசில் முதலில் நிற்க வேண்டும், பிறகு செல்லோ. ஹார்ப்பின் கீழ் ஈ நரம்பைக் கைவைத்து நிறுத்தாமல் தானாக அடங்கும்வரை விட்டு, அதற்குப் பின்னும் இரண்டு நொடி வெற்றிடம் வைத்து ஏற்றுமதி செய்யுங்கள்.